தவணை தவறாத வழக்கேடு: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நீதிமன்றப் பதிவகத்தில் வேலைக்குச் சேர்பவர்களுக்கு

நீதிமன்றம் கூடுவது ஒன்பதரை மணியளவில். ஆனால் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழரைக்கே வாசலில் நிற்பார்கள். அப்படி ஒரு காலையில், நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், ஒரு அம்மா கவுண்டருக்கு வந்து கசங்கிய துண்டுக் கடதாசி ஒன்றை நீட்டினா. "மனே, என்ட வழக்கு எப்ப கூப்பிடுவாங்க?" தாபரிப்பு வழக்கு. அன்றைய பட்டியலில் இல்லை. அடுத்த நாளிலும் இல்லை. தேடிப் பிடித்தபோது வழக்கேடு றாக்கையில் பத்திரமாக இருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் எதிராளிக்கு அறிவித்தல் அனுப்பும்படி நீதவான் கட்டளை எழுதியிருக்கிறார். வழக்கேடு தைக்கப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. டயறியில் திகதி ஏற்றவில்லை. ஏற்றியிருக்க வேண்டிய ஆள் நான்.

அந்த ஐந்து மாதமும் அவவுக்குச் செலவுக் காசு வரவில்லை. என்னை ஏசவும் இல்லை. "சரி மனே, இனி ஒரு திகதி போட்டுத் தாங்க" என்றா. ஏசியிருந்தால் இவ்வளவு காலம் நினைவிருந்திருக்காது.

வழக்கு முகாமை என்ற பெயரில் பலகை வைத்த மேசை எங்கள் நீதிமன்றங்களில் தேடினாலும் கிடைக்காது. பதிவாளர், எழுதுநர், முதலியார் (மன்றின் உரைபெயர்ப்பாளர்), பிஸ்கால் (அழைப்பாணையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்) என்று பலர் பங்குபோட்டுச் செய்யும் வேலை அது. சுருக்கமாகச் சொன்னால், பதிவகத்தில் உள்ள எந்த வழக்கேட்டை எடுத்தாலும் மூன்று கேள்விக்கு உடனே பதில் இருக்க வேண்டும்: அடுத்த தவணை எப்போது, எதற்காக, அதற்கு முன் யார் என்ன செய்து முடிக்க வேண்டும். கீழே எழுதுவதெல்லாம் இந்த மூன்றையும் காப்பாற்றும் வழிகள்தான்.

சேர்வதற்கு முன்

பதிவக நியமனங்கள் நீதிச்சேவை ஆணைக்குழுவின் கீழ் வருகின்றன. வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்து விண்ணப்பித்து, போட்டிப் பரீட்சை எழுதித்தான் உள்ளே வர வேண்டும். யாரையாவது பிடித்து வரலாம் என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம். தேவையான தகைமை ஒவ்வொரு அறிவித்தலிலும் இருக்கும், அதை அப்படியே வாசியுங்கள். நான் கூட்டிச் சொல்வது ஒன்றுதான். சிங்களம் படியுங்கள். பதவி உயர்வுக்கு அது எப்படியும் தேவைப்படும். அதைவிட, பொலிஸ் அறிக்கை சிங்களத்தில் வந்து கிடக்கும்போது முதலியாருக்காகக் காத்திருக்காமல் வழக்கு எதைப் பற்றியது என்றாவது நீங்களே பிடித்துக்கொள்ளலாம்.

உங்கள் நீதிமன்றத்தைத் தெரிந்துகொள்வது

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். சுற்றிப் பாருங்கள். ஒரே வளவுக்குள் நீதவான் நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றமும் இருக்கலாம். மட்டக்களப்பு, கல்முனை போன்ற இடங்களில் மேல் நீதிமன்றமும் உண்டு. நீதவான் நீதிமன்றத்தில் குற்ற வழக்கு, தாபரிப்பு, வீட்டு வன்முறை, காணிச் சண்டையால் வரும் சமாதானக் குலைவு. மாவட்ட நீதிமன்றத்தில் காணி, கடன், விவாகரத்து, பாகப்பிரிவினை, இறந்தவரின் சொத்து. ஒன்றின் வழக்கேடு மற்றதன் றாக்கைக்குப் போனால் அது காட்டில் போட்ட ஊசி.

மொழி விடயம் கிழக்கில் சின்ன விடயமில்லை. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள். தமிழ் நிர்வாக மொழியாக இருக்கும் இடங்களில் வழக்கேடும் நடவடிக்கையும் தமிழில். வழக்காடுபவருக்கு அந்த மொழி விளங்காவிட்டால் உரைபெயர்ப்புக் கேட்க உரிமை உண்டு. அம்பாறை மாவட்டத்தில் ஒரே வழக்கில் சிங்களம் பேசும் சந்தேகநபரும் தமிழ் பேசும் சாட்சியும் சகஜம். ஆகவே வழக்கேட்டு உறையின் மேலேயே "முதலியார் தேவை" என்று பென்சிலால் எழுதிவைக்கும் பழக்கம் நல்லது. விசாரணை நாளன்று காலை அது தெரியவந்தால், அந்த நாள் போயிற்று என்றுதான் அர்த்தம்.

முதலியார், சுருக்கெழுத்தாளர், பிஸ்கால், மன்றில் பெயர் கூப்பிடும் ஆராச்சியார் எல்லோரையும் போய்க் கண்டு பேசுங்கள். ஆராச்சியாருக்குத் தெரியாத வழக்கு எந்த நீதிமன்றத்திலும் இல்லை. இருபது வருடம் பெயர் கூப்பிட்டவரின் ஞாபகத்தை எந்தக் கணினியும் வெல்லாது.

வழக்கேட்டைத் திறப்பது

கடதாசி கைக்கு வந்ததும் முதலில் திகதி முத்திரை. பேச்சு அதற்குப் பிறகு. முத்திரைத் திகதி வெறும் அலுவலக வழக்கம் என்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவை எடுங்கள். இரண்டு பகுதி வேலியைப் பிடுங்கி அடிபடப் போகும்போது பொலிஸோ, பாதிக்கப்பட்டவரோ தாக்கல் செய்யும் வழக்கு. அதில் நீதவான் பார்ப்பது தகவல் தாக்கலான நாளில் காணி யார் கையில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதைத்தான். நீங்கள் வியாழக்கிழமை வாங்கி மேசையில் வைத்துத் திங்கட்கிழமை முத்திரை குத்தினால், அந்த நாலு நாளில் ஒருவருடைய காணிப் பிடிமானம் கணக்கிலிருந்து வெளியே விழலாம்.

பிறகு பெயர். எங்கள் பகுதியில் மிகப் பெரிய தலையிடி இதுதான். கந்தசாமி என்று ஒரு ஊரில் பத்துப் பேர். தகப்பனின் பெயர் கணபதிப்பிள்ளை என்றால் ஒருவர் "க. கந்தசாமி" என்று எழுதுவார், ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதுபவர் "கே. கந்தசாமி" என்பார். முகம்மது, முஹம்மட், மொஹமட் எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம். அகரவரிசைச் சுட்டியில் ஒன்று கானாவில், மற்றது கேயன்னாவில் போய் உட்கார்ந்துவிடும். பிடியாணை பிழையான ஆளுக்குப் போவது இப்படித்தான்.

வழி என்னவென்றால், அடையாள அட்டை இலக்கத்தையும் கிராம சேவகர் பிரிவையும் பெயரோடு சேர்த்து ஏற்றுங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 இலிருந்து வரும் புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். இரண்டும் ஒரே ஆளுடையதா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது: பழைய இலக்கத்துக்கு முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு சைபரைப் போட்டு, எழுத்தை எடுத்துவிட்டால் புதிய இலக்கம் வரும். இது தெரிந்திருந்தால் ஒரே ஆளை இரண்டு ஆளாகப் பதிய மாட்டீர்கள். பெயரை ஆள் எப்படிச் சொல்கிறாரோ அப்படி எழுதி, மற்ற எழுத்துமுறைகளையும் சுட்டியில் குறுக்குக் குறிப்பாகப் போடுங்கள்.

குற்ற வழக்கில் இன்னொன்று. பொலிஸ் முதலில் பி அறிக்கை (விசாரணையைப் பற்றி நீதவானுக்குத் தெரிவிப்பது) தாக்கல் செய்யும், அதற்கு ஓர் இலக்கம். பின்னர் குற்றப்பத்திரம் வந்ததும் வேறு இலக்கம். பாரதூரமான குற்றமென்றால் சட்டமா அதிபரின் ஆலோசனைக்குப் போய், குற்றப் பகர்வுப் பத்திரத்தோடு மேல் நீதிமன்றத்தில் மூன்றாவது இலக்கம் பெறும். பொதுமக்கள் கையில் இருப்பது அநேகமாக முதல் இலக்கம். பழைய இலக்கத்தை வெட்டிவிடாமல் உறையின் இடது மூலையில் அப்படியே விடுங்கள்.

டயறி

பதிவகத்தின் இதயம் எது என்று கேட்டால் பதிவாளர் தன் மேசையைக் காட்டுவார். நான் டயறியைக் காட்டுவேன். ஒவ்வொரு திகதியின் பக்கத்திலும் வழக்கிலக்கம் மட்டும் எழுதுவது பழைய முறை. அதோடு எதற்காக என்பதையும் எழுதுங்கள்: அழைப்பாணை மீள (சேர்ந்ததா என்ற அறிக்கை வரும் நாள்), எதிராளியின் மறுமொழி, முன்விளக்கம் (விசாரணைக்கு முந்திய அமர்வு), விசாரணை, கட்டளை. மூன்றாவதாக, தடையாக நிற்கும் வேலை: நில அளவையாளரின் படம் வரவில்லை, வைத்திய அறிக்கை வரவில்லை, இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கை வரவில்லை.

தவணைக்கு இரண்டு வாரத்துக்கு முன் அந்த மூன்றாவது நிரலை மட்டும் வாசியுங்கள். வராத அறிக்கைக்கு நினைவூட்டல் கடிதம் எழுதிப் பதிவாளரின் கையெழுத்துக்கு வையுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் மிச்சமாகும் நாட்களுக்கு வேறு எந்தச் சீர்திருத்தமும் நிகராகாது என்பது என் அபிப்பிராயம். குடியியல் வழக்கில் 2017 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் விசாரணைக்கு முந்திய அமர்வைக் கொண்டுவந்ததும் இதே யோசனையில்தான்: ஆவணமும் சாட்சியும் எவை என்று முன்கூட்டியே தெரிந்தால் விசாரணை நாள் வீணாகாது.

நாள் கொடுப்பது நீதிபதி. ஆனால் திறந்த மன்றில் அவர் கேட்கும்போது பொருத்தமான நாளைக் காட்டுவது உங்கள் டயறி. ஒரே நாளில் ஐந்து தொடர்விசாரணை போட்டால் நாலு சாட்சி திரும்பிப் போவார். போயா, தைப்பொங்கல், நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் எல்லாவற்றையும் வருடத் தொடக்கத்திலேயே சிவப்பில் குறியுங்கள். பெரும்போக வெட்டுக் காலத்தில் வெள்ளாமைக்காரச் சாட்சிகளைக் கூப்பிட்டால் பாதிப்பேர் வரமாட்டார்கள்; அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, மெசின் அன்றைக்குத்தான் வயலுக்கு வரும். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் நிந்தவூர், ஏறாவூர்ச் சாட்சி ஒருவரைக் கூண்டில் நிறுத்தினால் ஜும்ஆவுக்கு நேரம் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார்.

ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரங்கள்

சில காலவரையறைகளைப் பார்க்காமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

விளக்கமறியல் முதலாவது. எங்கள் வழமையில் 14 நாளுக்கொரு தவணை வரும். எண்ணும்போது போயாவில் விழுகிறதா என்று உடனே பாருங்கள். விழுந்தால் முந்திய வேலை நாளைக் காட்டுங்கள். சிறைச்சாலைக்குப் போகும் ஆணையில் திகதியும் பெயரும் வழக்கேட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுவிட்டே அனுப்புங்கள். 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பொதுவாக 12 மாதத்துக்கு மேல் ஒருவரை அடைத்து வைத்திருக்க விடுவதில்லை. நீடிக்க மேல் நீதிமன்றக் கட்டளை வேண்டும். பதினோராவது மாதத்தில் அந்த வழக்கேட்டில் ஒரு நிறக் கடதாசி செருகி நீதவானின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம். யாரும் கேட்டுச் செய்யும் வேலையில்லை இது.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் விண்ணப்பித்த நாளிலிருந்து 14 நாளுக்குள் விசாரணைக்கு எடுக்க வேண்டும். இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தால் அதன் பிரதி அன்றைக்கே பொலிஸுக்குப் போக வேண்டும். பிரதி திங்கட்கிழமை போகட்டும் என்று வெள்ளி பின்னேரம் நினைக்கத் தோன்றும். அந்தச் சனி, ஞாயிறு அவ எங்கே படுப்பா என்று யோசித்தால் எழும்பிப் போவீர்கள்.

66 ஆம் பிரிவு வழக்கில் விசாரணை தொடங்கி மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும், முடிந்து ஒரு வாரத்துக்குள் கட்டளை. அந்தக் கட்டளைக்கு மேன்முறையீடும் கிடையாது.

மாவட்ட நீதிமன்ற மேன்முறையீட்டில்தான் எண்ணிக்கைப் பிழை அதிகம். மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள். தீர்ப்பு நாள், அறிவித்தல் தரும் நாள், ஞாயிறு, பொது விடுமுறை ஆகியவை கழியும். சனி கழியாது. ஒரு மாதம் முதலாம் திகதி திங்கட்கிழமை தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 ஆம், 14 ஆம் திகதி ஞாயிறுகளை விட்டு எண்ணினால் பதினாலாவது நாள் 17 ஆம் திகதி புதன். இடையில் போயா ஒன்று வந்தால் 18. தரும் நாளும் கழிவதால் அதற்கு மேல் இன்னொரு நாள் கைக்கு வரும். ஆனால் மேன்முறையீட்டு மனுவுக்கான 60 நாளில் இந்தக் கழிவுகள் இல்லை, தீர்ப்புத் திகதியிலிருந்து நேராக எண்ண வேண்டும். பிந்தி வந்த கடதாசியை "காலம் போயிற்று" என்று கவுண்டரில் திருப்பி அனுப்பாதீர்கள். முத்திரை குத்தி, திகதியைக் குறிப்பிட்டு நீதிபதியிடம் வையுங்கள். பிந்தியதா இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை.

அழைப்பாணை

வழக்குகள் நகராமல் நிற்பதற்கு நான் கண்ட முதற் காரணம் அழைப்பாணை சேராததுதான். குடியியல் வழக்கில் முதலில் பதிவுத் தபால். அது சரிவராவிட்டால் பிஸ்கால் மூலமோ கிராம சேவகர் மூலமோ நேரில் கையளிக்க நீதிமன்றம் பணிக்கும். அதுவும் முடியாவிட்டால் வீட்டில் ஒட்டுவது போன்ற மாற்று வழி.

விலாசம் "பிரதான வீதி, வாழைச்சேனை" என்று மட்டும் இருந்தால் எந்தத் தபால்காரரும் பாவம். வழக்கைத் தாக்கல் செய்யும்போதே சட்டத்தரணியின் எழுதுநரிடம் கேளுங்கள்: தம்பி, எந்தக் கோயில், எந்தப் பள்ளிவாசல், எந்தக் கடைக்குக் கிட்ட? கிராம சேவகர் பிரிவு எது? ஆள் ஊரில்தானா, கட்டாரிலா? வெளிநாட்டில் இருப்பவருக்கு உள்ளூர் விலாசத்தில் அழைப்பாணை அனுப்பி ஆறு மாதம் வீணாக்கிய வழக்குகள் ஏராளம். மாரியில், கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை, வாகரைப் பக்கம் உட்பாதைகள் மூழ்கினால் சேவகரால் போக முடியாது. அந்தக் காலத்துக்குக் கூடுதலான நாள் விட்டுத் தவணை காட்டுங்கள்.

திரும்பி வரும் அறிக்கையை முழுதாக வாசியுங்கள். "ஆள் இல்லை" என்பதற்கும் "இந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை" என்பதற்கும் "வாங்க மறுத்தார்" என்பதற்கும் அடுத்த நடவடிக்கை வேறு வேறு. மூன்றையும் "சேரவில்லை" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் நீதிபதி எதை வைத்துக் கட்டளை போடுவார்?

மன்று கூடும் நாள்

முதல் நாள் பின்னேரமே பட்டியலைத் தயாரித்து, வழக்கேடுகளை அந்த ஒழுங்கில் அடுக்குங்கள். காணாத வழக்கேட்டைத் தேட இரவு ஒன்று கையில் இருக்கும். வந்த நகர்த்தல் பத்திரங்களையும் (சட்டத்தரணிகள் மன்றுக்கு எழுதித் தரும் விண்ணப்பங்கள்) அறிக்கைகளையும் உள்ளே கோத்து, பக்க இலக்கம் போடுங்கள். தளர்வாகச் செருகிய கடதாசி என்றைக்கும் விழும். விழுவது முக்கியமானதாகத்தான் இருக்கும்.

மன்று கலைந்த பிறகுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு வழக்கேட்டின் கடைசிக் குறிப்பையும் வாசித்து, அன்றைய கட்டளையை ஏட்டிலிருந்து டயறிக்கும், டயறியிலிருந்து செய்ய வேண்டிய வேலைப் பட்டியலுக்கும் ஏற்றுங்கள். நூறு வழக்கு கூப்பிட்ட நாளில் தொண்ணூற்றொன்பதுதான் டயறியில் ஏறியிருந்தால் வீட்டுக்குப் போக வேண்டாம். எண்ணிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம். என்னுடைய தாபரிப்பு வழக்கு அந்தப் பத்து நிமிடத்தில்தான் தொலைந்தது.

சான்றுப்பொருட்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை, அது தனிப் பதிவேடும் தனிப் பொறுப்பும். மணல் ஏற்றிய உழவு இயந்திரம், கசிப்புக் கலன், கத்தி, கைத்தொலைபேசி எதுவாயினும் வழக்கிலக்கச் சீட்டு இல்லாமல் அறைக்குள் போகக் கூடாது. வழக்கு முடியும்போது பொருளுக்கு என்ன கட்டளை என்று கேட்காமல் வழக்கேட்டை மூடவும் கூடாது.

மேலே போகும் வழக்கு

எங்கள் வழக்கேடு தமிழில். கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆகவே மேலே போகும் வழக்கேடு மொழிபெயர்க்கப்பட வேண்டும், இங்கேதான் வருடங்கள் கரைகின்றன. உங்களால் மொழிபெயர்ப்பாளரை உருவாக்க முடியாது. ஆனால் கையெழுத்து விளங்காத சாட்சியப் பக்கங்களை உடனே தட்டெழுதுவிக்கலாம், ஆவணங்களுக்கு வழக்காளியின் அடையாளம் எது, எதிராளியின் அடையாளம் எது என்ற பட்டியலை வழக்கு நடக்கும்போதே வைத்திருக்கலாம். பிரதிக் கட்டணம் கட்டவில்லை என்பதால் கிடக்கும் மேன்முறையீடுகளை மூன்று மாதத்துக்கொரு தடவை பிரித்தெடுத்து அறிவித்தல் அனுப்புங்கள்.

கவுண்டர்

வருபவர் பயந்துபோய் வருகிறார். காக்கா, அம்மா, ஐயா, தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டால் பாதிப் பயம் போய்விடும். தவணையைச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். ஆனால் "வழக்கு வெல்லுமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். சட்டத்தரணியைப் பிடிக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தைக் காட்டுங்கள். சிறிய கடன், சிறிய காணிச் சண்டை என்று வருபவரிடம் மத்தியஸ்த சபைக்குப் போனாரா என்று முதலில் கேளுங்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி சில பிணக்குகளுக்கு இணக்கம் ஏற்படவில்லை என்ற அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் வழக்கே தொடங்க முடியாது. முஸ்லிம்களின் விவாக வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிமன்றத்தின் கட்டளையோடு தாபரிப்புக் காசு அறவிட வருபவர்கள் வேறு; அவர்களை மத்தியஸ்த சபைக்கு அலைக்கழிக்காதீர்கள், அறவிடுவது நீதவான் நீதிமன்றத்தின் வேலை.

வழக்கேட்டை முன்னுக்கு எடுத்து வைக்க ஐந்நூறு ரூபாயைக் கடதாசிக்குள் மடித்துத் தருபவர் வருவார். தேத்தண்ணிக் காசு என்பார். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழலெதிர்ப்புச் சட்டத்துக்குத் தேத்தண்ணியும் பிரியாணியும் ஒன்றுதான். மற்றவர்களுக்குக் கேட்கும்படியே திருப்பிக் கொடுங்கள், அடுத்தவர் நீட்ட மாட்டார். சொந்த ஊரில் வேலை செய்பவர்களுக்கு இதைவிடக் கஷ்டம் கல்யாண வீட்டில் வரும். "அவன்ட வழக்கு என்னாச்சு மச்சான்?" தெரியாது என்று சொல்லிப் பழகுங்கள்.

கிடப்பு எண்ணுதல்

கணினியில் அட்டவணை போடுவது நல்லதுதான். வழக்கிலக்கம், பெயர், அடையாள அட்டை, அடுத்த தவணை, காரணம், தடை என்று ஆறு நிரல் போதும். மின்சாரம் போகும், பென்டிரைவ் தொலையும், ஆகவே டயறியைக் கைவிட வேண்டாம்.

ஆனால் அட்டவணையும் டயறியும் அதில் ஏற்றியதை மட்டும்தான் காட்டும். ஏற்றாததைக் காட்ட றாக்கையால்தான் முடியும். ஒவ்வொரு வெள்ளி பின்னேரமும் ஒரு றாக்கையை எடுத்து, வழக்கேடு ஒவ்வொன்றாகத் திறந்து கடைசிக் குறிப்பைப் பாருங்கள். தவணை கடந்திருந்தும் புதிய தவணை இல்லாத வழக்கேடு கட்டாயம் அகப்படும். அகப்பட்டால் ஒளிக்காதீர்கள், பழைய திகதியில் குறிப்பு எழுதாதீர்கள். அது தவறை மோசடியாக்கும். கண்ட திகதியையும், எத்தனை மாதம் கிடந்தது என்பதையும் ஒரு குறிப்பாக எழுதிப் பதிவாளர் ஊடாக நீதிபதியின் முன் வையுங்கள், கிட்டிய திகதியொன்றில் கூப்பிடும்படி கேளுங்கள், இரண்டு பகுதிக்கும் அறிவித்தல் அனுப்புங்கள். அந்த அறிவித்தல் போய்ச் சேர்ந்ததா என்று அடுத்த வெள்ளிக்கிழமை பாருங்கள்.